தூண் மறைக்கும் சீட்டுக்கு ஒரு சீசன் டிக்கெட்

எங்கேயோ இருக்கிற சர்வர் படுத்துக்கொண்டால் இங்கே உட்கார்ந்து திட்டு வாங்குவதுதான் ஆன்லைன் கடை நடத்துகிறவர்களின் தொழில். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், பான் கார்டு, பட்டா, பி.எஃப். எல்லாம் பார்ப்பேன். சில வருஷமாக இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. சென்னையில் நடக்கிற கால்பந்துப் போட்டிகளுக்கு சீசன் டிக்கெட் போட்டுக் கொடுப்பது. இங்கே கம்பெனிகளில் வேலை பார்க்கிற தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு அந்த ஆட்டம் என்றால் உயிர்.

எனக்கு அதில் பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த டிக்கெட் ஆளைப் படுத்துகிற பாட்டைப் பார்த்தால், இதையும் தாங்கிக்கொண்டு போகிறார்களே, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்கிற ஆவல் மட்டும் அடங்குவதில்லை. ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை ஒரு தரமாவது முறைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

எந்த ஸ்டாண்டு?

டிக்கெட் விற்பனை தொடங்கிய புதிது. கடையில் நிற்க இடமில்லை. வாலாஜாபாத்துக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், உள்ளே வந்து “சீசன் டிக்கெட்டு ஒண்ணு போடணும்மா” என்றார். காலையிலிருந்து அதையே போட்டுக்கொண்டிருந்த வேகத்தில் நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “எந்த ஸ்டாண்டு?” என்று கேட்டேன். மைதானத்தில் கிழக்கு ஸ்டாண்டு, மேற்கு ஸ்டாண்டு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், அதைத்தான் கேட்டேன். அவர் “பஸ் ஸ்டாண்டு இன்னாத்துக்கு? வூட்லர்ந்து நடந்தே பூடுவேன்” என்றார். “சரி, எந்த கேட்டு?” என்றேன். “ரயில்வே கேட்டாண்டதான் வூடு” என்றார்.

ஆள் தமாஷ் பேர்வழி போலிருக்கிறது என்று நினைத்து, மைதானத்தின் படத்தைத் திருப்பிக் காட்டி, எங்கே உட்காரப் பிரியம் என்று கேட்டேன். ஜன்னலோரம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு வேண்டியது தினமும் செங்கல்பட்டு போய்வர ரயில் சீசன். இது பந்து விளையாட்டு பார்க்கிற சீசன், வருஷம் பூராவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று விளக்கினேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரே எடத்துல குந்தினு கீறதுக்கு எதுக்கும்மா சீசன் டிக்கெட்டு? நான் போய்ட்டு வர்றதுக்குக் கேட்டேன்.”

கோல் தெரியாத சீட்டு

ரூபன் தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர்க்காரன். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. போன சீசனில் உட்கார்ந்த அதே சீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று வந்தான். எண்ணைப் போட்டதும் திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. அந்த சீட்டுக்கு முன்னால் கூரையைத் தாங்குகிற தூண் ஒன்று நிற்கிறதாம், ஆட்டம் முழுசாகத் தெரியாதாம். எதற்கும் எச்சரிக்கை செய்யாத அந்த வெப்சைட்டே வாய்விட்டுச் சொல்கிறதென்றால் தூண் எப்பேர்ப்பட்ட தூணாக இருக்கவேண்டும்!

நாலு வரிசை கீழே அதே விலையில் நல்ல சீட்டு காலியாக இருந்தது. மாற்றித் தரட்டுமா என்றேன். “வேண்டாம்க்கா, பழசே இருக்கட்டும்” என்றான். தூணுக்குப் பின்னால் என்ன தெரியும் என்று கேட்டேன். வலது பக்கத்து கோல் சுத்தமாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டான். பந்தாட்டம் பார்க்கப் போகிறவன் கோலையே பார்க்கமாட்டான் என்றால், கல்யாணத்துக்குப் போய் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காமல் வருகிற மாதிரி அல்லவா? அதையும் கேட்டுவிட்டேன். “கோல் விழுந்தா சத்தம் கேக்கும்லாக்கா. அது போதும்.”

ஆளில்லாத வரிசை

வெப்சைட்டில் கூட்டம் கூடினால் நம்மை வரிசையில் நிறுத்திவைப்பார்கள். திரையில் ஒரு குட்டி மனிதன் அங்குலம் அங்குலமாக நகருவான். அவன் முழுசாக நடந்து முடிக்கும்வரை எதையும் தொடக்கூடாது. வடக்குப்பட்டு ஆட்டோக்காரர் தனபால் தன் மகளுக்காக வந்திருந்தார். குட்டி மனிதன் முக்கால்வாசி தூரம் வந்துவிட்டான். நான் ஜெராக்ஸ் எடுக்கத் திரும்பிய நேரம், தனபால் பொறுமையிழந்து ரெஃப்ரெஷ் பட்டனைத் தட்டிவிட்டார். க்யூ என்றால் முட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்பது அவர் அனுபவம். குட்டி மனிதன் ஆரம்பித்த இடத்துக்கே போய் நின்றான். திட்டலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: “ஆளே இல்லாத க்யூல கூட நம்மள பின்னாடி தள்ளிட்டானே இவன்.”

ஏ ஷிஃப்டும் பி ஷிஃப்டும்

பக்கத்து விடுதியில் தங்கியிருக்கிற மாரீஸ்வரி செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். செல்போன் செய்கிற இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக்கூடாது, வாசலில் லாக்கரில் வைத்துவிடவேண்டும். டிக்கெட் திறப்பதோ காலையில், அவள் அசெம்ப்ளி லைனில் நிற்கிற நேரம். ஓடிபி வந்தால் லாக்கருக்குள்தான் வந்து விழும். என்ன செய்தாள் தெரியுமா? கம்பெனி பஸ் வருவதற்கு முன் கடைக்கு ஓடிவந்து, போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு பந்தாட்டத்துக்காகத் தன் சிம்மையே கழற்றித் தருகிற பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதை என் பழைய பட்டன் போனில் போட்டேன். ஓடிபிக்கு முன்னால் போன் கால்கள் வந்தன. அவள் அம்மா சாப்பாடு விசாரித்தார். அதை சமாளித்து வைத்தால், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு, அவர்கள் பாஷையில் ‘ஓடி’க்கு, ஆள் சேர்க்கிற கான்ட்ராக்ட் சூப்பர்வைசர், அவள் வேலையில் நிற்பது தெரியாமல் கூப்பிட்டு, என்னை மாரீஸ்வரி என்றே நினைத்து “ஓடி பாக்குறியாம்மா?” என்றார். திரையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பதற்றத்தில் “ஓடிபிக்குத்தான் சார் காத்துக்கினு இருக்கேன்” என்று உளறிவிட்டேன். டிக்கெட் என்னவோ கடைசியில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது: “ஓடி பி ஷிஃப்ட்ல கெடையாதும்மா, ஏ ஷிஃப்ட்ல வேணும்னா வா.”

பக்கத்து சீட்டுக்காரன்

ரூபன் வந்து போன அதே வாரத்தில் ஜோயல் என்கிற பையன் குன்றத்தூரிலிருந்து பைக்கில் வந்தான். அவனுக்கும் பழைய சீட்டே வேண்டும். எண்ணைப் போட்டேன். அதே மஞ்சள் எச்சரிக்கை. அதே தூண். ரூபனுடைய சீட்டுக்குப் பக்கத்து சீட்டு. ஊரில் இருக்கிற தூண் பைத்தியமெல்லாம் என் கடைக்கே வருகிறதா என்று வியந்து, அந்த சீட்டில் என்னப்பா அப்படி விசேஷம் என்றேன். அவன் பக்கத்து சீட்டைப் புதுப்பித்தாகிவிட்டதா என்று மட்டும் பார்க்கச் சொன்னான். ஆகிவிட்டது என்றதும் அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது.

“யாரு அது?” என்றேன். “எங்க அண்ணன்” என்றான். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. ரூபன்தான் சூப்பர்வைசரிடம் ‘என் தம்பி, நான் பொறுப்பு’ என்று சொல்லி இவனைத் தன் லைனில் சேர்த்துவிட்டிருக்கிறான். இவன் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்ரீபெரும்புதூரில் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டான். அண்ணனுக்கு லைனில் தலைநிமிர முடியவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு. ரூமும் வேறாகிவிட்டது. சண்டைக்கு முன்னால் சேர்ந்து எடுத்த சீசன் டிக்கெட் மட்டும் பாக்கி. மேட்ச் அன்றைக்கு இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் எழுந்து போவார்களாம்.

அந்த சீட்டும் போய்விட்டால் இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேறு இடமே இல்லை. பேசவே மாட்டீர்கள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பிரயோஜனம் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். “எனக்கு தூணு பாதிதான்க்கா மறைக்கும், கோல் தெரியும். கோல் விழுந்து நான் எந்திரிச்சாத்தான் அவன் எந்திரிப்பான்.”

விசுவாசத்துக்குப் பரிசு

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் குறுஞ்செய்தி வந்தது. வாழ்த்துகள், தொடர்ந்து ஆதரவு தருகிற உங்களுக்குப் பரிசாக நல்ல சீட்டு ஒதுக்கியிருக்கிறோம் என்று. ரூபனுக்கு மேற்கு ஸ்டாண்டில், ஜோயலுக்கு எதிர்க்கோடியில் கிழக்கு ஸ்டாண்டில். நடுவில் மைதானம். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று வந்து குடியைக் கெடுக்கிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன.

ரூபன் கடைக்கு வந்து கஸ்டமர் கேருக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில் ஒரு பெண், குரலில் அவ்வளவு சந்தோஷம். “சார், இது அப்கிரேடு சார், வாழ்த்துகள்” என்றாள். “நல்ல எடம் வேண்டாம்மா, பழைய எடத்தையே தாங்க” என்றான் ரூபன். அங்கேயிருந்து கோல் போஸ்ட் தெரியாதே என்றாள். தெரியும்மா என்றான். தெரியுமா தெரியாதா என்று அவள் குழம்பினாள். தெரியாது என்பது எனக்குத் தெரியும் என்று இவன் விளக்கினான். அப்புறம் நீண்ட நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அந்தப் பெண் இறங்கிய குரலில் சொன்னாள்: “சார், மோசமான சீட்டு கேட்டு இதுவரைக்கும் யாருமே போன் பண்ணதில்ல சார். அதுக்கு இங்க பட்டனே இல்ல.”

உறவு என்ன?

பட்டன் இல்லாவிட்டாலும் அவளுக்கு மனசு இருந்தது. போனை வைக்குமுன் பக்கத்து சீட்டுக்காரன் இவன் தம்பிதான் என்று நான் அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். பிறகு அவளே கடைக்குக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னாள். பழைய இடம் இனி கிடைக்காது. ஆனால் வெயிலடிக்கிற கேலரியில் இரண்டு சீட்டு ஒட்டினாற்போல் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே குடும்பக் கணக்கில் சேர்ந்தால் அதை எடுக்கலாம். சேர்வதற்கு இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒப்புதல் தரவேண்டும். அண்ணன் தம்பியைக் கூப்பிடமாட்டான், தம்பி அண்ணனைக் கூப்பிடமாட்டான். நான் இரண்டு பேருக்கும் தனித்தனியாக போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேலை முடியும் என்று மட்டும் சொன்னேன்.

ரூபன் முதலில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். ஜோயல் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே காலை வைத்தான். ரூபன் உடனே எழுந்து “பொறவு வாரேன்க்கா” என்றான். “இன்னிக்கு விட்டா அந்த ரெண்டு சீட்டும் பூடும், உக்காருப்பா” என்று அதட்டினேன். உட்கார்ந்தான். இருவரும் திரையையே பார்த்தார்கள். “அவன்ட்ட பொறந்த தேதி கேளுங்கக்கா” என்றான் ரூபன், ஒரே வயிற்றில் பிறந்த தம்பியின் தேதி தெரியாதவன் மாதிரி. ‘உறவு’ என்று ஒரு கட்டம் வந்தது. கணவன், மனைவி, சகோதரர், மற்றவை என்று வரிசையாக இருந்தது. என்ன போடட்டும் என்று கேட்டேன். ஒருவன் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்தான், ஒருவன் வாசலைப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சகோதரர் என்று நானே தட்டினேன். யாரும் மறுக்கவில்லை.

கடைசிப் படி. ஜோயலின் போனுக்கு ஓடிபி வரும், அதை ரூபன் தன் போனில் போடவேண்டும். கீழே நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஜோயலின் போன் கீச்சென்றது. அவன் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “வந்துட்டுக்கா. ஆனா இத யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்ருக்கு” என்றான். ரூபன் மெதுவாகத் தலையைத் திருப்பித் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தான். “ஏலே, நான் யாரோவால? சொல்லு.”

நம்மை அலைக்கழிப்பதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய இந்த சீசன் டிக்கெட் முறை, அன்றைக்கு ஏதோ கைத்தவறுதலாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது.