உம்மாவுக்காகச் சத்தம் குறைத்த லொறி

அன்புப் பிள்ளைகளே,

உம்மா மவுத்தாகி ஒரு வருடம் நிறையும் இந்த நினைவு மலருக்கு நீங்கள் மூவரும் எழுதியதை வாசித்தேன். உம்மாவின் சமையல், தையல், பொறுமை எல்லாம் அதில் வந்திருக்கின்றன. ஒன்று மட்டும் கேள்வியாகவே நிற்கிறது. கொழும்பில் இன்னும் வைத்தியம் இருந்தும், வாப்பாவாகிய நான் ஏன் உம்மாவை வீட்டோடு வைத்துக்கொண்டேன்? நான் அதிகம் படித்தவன் அல்ல. லொறியைப் பற்றி எழுதினால்தான் இதற்கு எனக்குப் பதில் சொல்ல வரும். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் உம்மா நிந்தவூரில் வயல் செய்யும் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்து, தம்பி தங்கைகளை வளர்த்தார். நான் கல்முனையிலிருந்து அவர் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது என்னிடம் இருந்தது லைசன்ஸ் மட்டும்தான். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோன வருடம், கூடாரத்தில் இருந்துகொண்டு அடுத்தவர் பிள்ளைகளுக்கும் சட்டை தைத்துக் கொடுத்தார். தனக்கென்று எதையும் அவர் கேட்டதில்லை.

நோய் வந்த பிறகு கொழும்புக்கு பஸ்ஸில் போக அவரால் முடியவில்லை. நீட்டிப் படுக்க வேண்டும். நான் அரிசி ஏற்றிப் போகும் லொறியிலேயே வருவதாகச் சொன்னார். பழைய லொறி. எஞ்சின் சீட்டுக்குக் கீழே. மேடு ஏறினால் சீட்டு ரொட்டிச் சட்டி போலக் கொதிக்கும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அந்தச் சத்தத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி ஓம் என்று சொல்வது எங்களைப் போன்ற சாரதிகளின் பழக்கம்.

ஒரு பயணத்தில் சூடு தாங்காமல் அவர் மயங்கிவிட்டார். ஊர் வந்ததும் தம்பிலுவிலில் இருக்கும் என் மெக்கானிக் நண்பரிடம் லொறியைக் கொண்டுபோனேன். ஸ்பொஞ் வாங்கி ஒட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் அவர் சிரித்தார்.

"காக்கா, சத்தம் தண்ணி மாதிரி. ஒரு ஓட்டை இருந்தாக் காணும், உள்ளுக்கு வந்திரும்."

முதலில் புகைக் குழாயின் ஒழுக்கை அடைத்தார். கியர் தடியையும் பெடல்களையும் சுற்றியிருந்த ஓட்டைகளை டயர் டியூப் வெட்டி மூடினார். கதவுகளுக்குப் புது ரப்பர் போட்டார். ஓட்டுக்கூரைக்குக் கீழே அடிக்கும் வெள்ளித்தாள் விரிப்பை எஞ்சின் மூடியின் உள்பக்கம் பொருத்தினார். நெல் ஆலையில் கழித்த பெல்ட்டைத் தரையில் போட்டோம். பள்ளிவாசலில் மாற்றிய பழைய கார்பட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, அதையும் தரையில் விரிக்கப் போனேன். உம்மா விடவில்லை. தொழுகையில் நெற்றி வைத்து சுஜூது செய்த விரிப்பில் செருப்புக் காலை வைப்பதா என்று கேட்டு, தலைக்கு மேலே ஒட்டச் சொன்னார். அப்படியே ஒட்டினோம். மேலிருந்து இறங்கும் வெயில் அதோடுதான் அடங்கியது.

அடுத்த முறை கொழும்பில் டொக்டர் மீண்டும் வரச் சொல்லி அனுப்பினார். திரும்பும் வழியில், மகா ஓயா தாண்டியபோது, படுத்திருந்த உம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க ஓம் எண்டு சொன்ன நாளில இருந்துதான் எனக்கு நித்திரை வருது."

எதற்கு ஓம் சொன்னேன் என்று கேட்டேன். போன பயணத்திலேயே ஒன்று கேட்டேனே, அதற்குத்தான் என்றார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, பொலிஸ்காரர் மறித்தாலும் நான் ஓம்தான் சொல்வேன் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப லொறிய என்ட பேருக்கு எழுதித் தாங்க எண்டு கேட்டிருக்கலாம்."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இந்தக் கொழும்புப் பயணம் எனக்குப் போதும். நோம்புக்கு நான் என்ட ஊட்டில இருக்கணும். நடக்கிறது அங்கேயே நடக்கட்டும். புள்ளயளுக்கு நீங்கதான் சொல்லணும்."

ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது. பழைய சத்தம் இருந்திருந்தால் கேட்காத மாதிரி இருந்திருப்பேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. நெடுந்தூரம் ஓட்டிய பிறகு ஓம் என்றேன்.

"கேட்டுத்தானே சொல்றீங்க?"

"கேட்டுத்தான் சொல்றன், புள்ள."

இதுதான் பதில். நீங்கள் என்னோடு கோபித்தது உம்மா மேலிருந்த பாசத்தால் என்று எனக்குத் தெரியும். அந்த நோன்பு முழுக்க அவர் தன் வீட்டில் இருந்தார். தன்னால் நோற்க முடியாவிட்டாலும், நோன்பு திறக்கும் நேரம் எல்லோர் கோப்பையிலும் கஞ்சி இருக்கிறதா என்று படுக்கையிலிருந்தே கேட்பார். பெருநாளும் கண்டார். பிறகு, தன் தங்கைமார் கையைப் பிடித்திருக்க, கலிமாவோடு போய்ச் சேர்ந்தார். அவர் கேட்ட இடத்திலேயே அவரை அழைத்துக்கொண்ட இறைவனாகிய றப்பு, அவர் அடங்கியிருக்கும் கப்றையும் குளிர்ச்சியாக்கி வைப்பானாக.

வார்டில் அவரைத் தாய் போலப் பார்த்த தாதிமாருக்கும், கூலி கேட்காமல் வேலை செய்த தம்பிலுவில் நண்பருக்கும், வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த அயலவருக்கும், ஜனாஸாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் நன்றி சொல்ல என்னிடம் சொல் போதாது. துஆவில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உம்மா போன பிறகு அரிசி ஏற்றிய முதல் நாள் தனியாகத்தான் போனேன். அம்பாறை தாண்டும்வரை கெபினுக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. லொறியை ஓரமாக நிறுத்தி, உம்மா இருந்த பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கினேன். என் பக்கத்தையும் இறக்கினேன். சூடும் சத்தமும் உள்ளே வரட்டும் என்று விட்டு, ஓட்டிப் போனேன்.