முன்சக்கர ஷாக் மாற்றிய ஞாயிறு

என் கணவரின் அண்ணன் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. கோபமெல்லாம் கிடையாது. எங்கள் பக்கத்தில் மூத்தாரும் தம்பி மனைவியும் அப்படித்தான். ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகிவிட்டது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தன் மனைவியிடம், "அந்தப் புள்ளைட்ட சொல்லு, மோட்டார நிப்பாட்டச் சொல்லி" என்பார். நான் நாலடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அக்கா, அதாவது அவர் மனைவி, அதையே இன்னொரு முறை என்னிடம் சொல்லுவார். நான் அக்காவிடம் பதில் சொல்ல, அதையும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். எனக்குப் புதுக்கோட்டையில் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. தினமும் போய்வர ஒரு சின்னக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அதில் கொஞ்ச நாளாக இடது முன்பக்கம் ஒரு சத்தம். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் டொக் என்று அடித்தது. சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து பார்த்தேன். ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் வழிந்து, அதன்மேல் செம்மண் புழுதி அப்பியிருந்தது. பானட் மூலையை அமுக்கிவிட்டால் வண்டி மூன்று தடவை குதித்துத்தான் நின்றது. வலது பக்கமும் அவ்வளவு நன்றாக இல்லை. இரண்டையும் மாற்றிவிட வேண்டியதுதான்.

டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் வண்டியைப் பார்த்துவிட்டு, "நாலு நாள் விட்டுட்டுப் போங்க. சார ஒருதடவ வரச் சொல்லுங்க, வேலைய அவருட்ட சொல்லிர்றோம்" என்றார்.

"சார் வெளிநாட்டுல இருக்காரு. என்ட்ட சொல்லுங்க."

"ஒங்களுக்குப் புரியாதுங்க மேடம்."

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். அந்த வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். படித்து முடித்ததும் எந்தப் பட்டறையும் எனக்கு வேலை தரவில்லை, தேர்வெழுதி அலுவலகத்துக்குள் போய்விட்டேன். ஆனால் படித்தது மறந்துபோகவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போதே, நானே மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

புது ஷாக் இரண்டையும் திருச்சியில் வாங்கினேன். கூடப் படித்தவன் ஒருவன் விராலிமலையில் பட்டறை வைத்திருக்கிறான். திரும்பும் வழியில் அவனிடம் ஸ்பிரிங் கம்ப்ரஸரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஷாக்கைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் மாட்டி, திருகித் திருகி அதை அமுக்கிப் பிடிக்கிற கருவி அது. "ரெண்டு பக்கமும் சமமா எறக்கு. ஒரு பக்கம் மட்டும் எறக்குனா சாஞ்சு தெறிச்சிரும்" என்று மட்டும் சொன்னான். உன்னால் முடியுமா என்று அவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடலை காயப்போடுகிற சிமெண்ட் களத்தில் வண்டியை நிறுத்தினேன். ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப்பை எடுத்தேன். லிங்க் ராடு நட்டும் சிரமமில்லாமல் வந்தது. ஷாக்கையும் சக்கரத்தைத் தாங்குகிற பகுதியையும் இணைக்கிற இரண்டு பெரிய போல்டுகள்தான் வரவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தன. திரும்பப் பூட்டும்போது போல்டுகள் இருந்த பழைய நிலை தெரியவேண்டும் என்று வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டு, எண்ணெய் விட்டு, ஸ்பேனரில் ஏறி நின்றே பார்த்தேன். அசையவில்லை.

மூத்தார் தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டர் வேலையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். உள்ளே போய் ஒரு நீள இரும்புக் குழாயோடு வந்தார். "தள்ளிக்கிறச் சொல்லு" என்றார் அக்காவிடம். நான் தள்ளி நின்றேன். குழாயை ஸ்பேனரில் சொருகி ஒரே அழுத்து. க்ரீச் என்று போல்டு திரும்பியது. அடுத்ததும் அப்படியே வந்தது.

பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்க, போல்டுகளை எடுத்ததும் தொங்கிய பகுதியைக் கயிற்றால் கட்டிவைத்தேன். அக்காவைக் கீழே ஷாக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பானட்டுக்குள் அதன் உச்சியைப் பிடித்திருந்த மூன்று நட்டுகளை எடுத்தேன். "அம்மாடி, என்னா கனம்" என்று அக்கா அதைக் களத்தில் இறக்கி வைத்தார்.

கம்ப்ரஸரை எடுக்க வீட்டுக்குள் போனேன். திரும்பி வந்தபோது மூத்தார் ஷாக்கைப் படுக்கப்போட்டு, மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டு, உச்சியில் இருந்த நடு நட்டில் ஸ்பேனரை மாட்டியிருந்தார். முகம் அதற்கு நேரே குனிந்திருந்தது.

"மாமா, கைய எடுங்க."

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். மூத்தார் அசையாமல் நின்றார். அக்கா வழியாகச் சொல்ல நேரமில்லை.

"ஸ்பிரிங்கு அமுங்கி நிக்கிது மாமா. அந்த ஒரு நட்டுதான் புடிச்சிக்கிட்டு இருக்கு. கழட்டுனா மூஞ்சிலயே அடிச்சிரும்."

அவர் ஸ்பிரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்பேனரை எடுத்துக் கீழே வைத்தார். காலையும் எடுத்தார். அவரை அதட்டிவிட்டோமே என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் தோன்றியது.

"சரி, என்னா செய்யணும்னு நீ சொல்லு" என்றார், என்னைப் பார்த்து.

கம்ப்ரஸரை எதிரெதிர் பக்கத்தில் மாட்டினோம். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். நான் நாலு சுற்று, அவர் நாலு சுற்று. "இப்ப நீங்க", "நிறுத்துங்க", "இப்ப நான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஸ்பிரிங் சுருங்கி மேல்தட்டைவிட்டு விலகி, கையால் ஆட்டினால் ஆடுகிற நிலைக்கு வந்தது. "இப்ப கழட்டலாம் மாமா" என்றேன். நடு நட்டு சாதுவாகக் கழன்று வந்தது.

புது ஷாக்கில் ஸ்பிரிங்கை ஏற்றி, வண்டியில் பூட்டி, சக்கரத்தையும் மாட்டிவிட்டேன். உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். டங் என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தபோதே புரிந்துவிட்டது. ஸ்பிரிங்கின் கீழ்முனை, கீழ்த்தட்டில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் உட்காராமல் ஒரு விரல் அகலம் விலகி நின்றது. எனக்குத் தெரியாத விஷயமல்ல. நன்றாகப் போகிறதே என்ற வேகத்தில் பார்க்காமல் விட்டிருந்தேன்.

"தப்பு என்னுதுதான் மாமா. திரும்பவும் கழட்டணும்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "மொதல்ல சாப்ட்டுட்டு வா ஆத்தா. பசியோட செஞ்சா இன்னொண்ணும் தப்பும்" என்றார்.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கழற்றி, பள்ளத்தில் முனை உட்கார்ந்ததை மூன்று பேரும் விரலை வைத்துப் பார்த்த பிறகே பூட்டினோம். வலது பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எந்தப் போல்டுக்கு எந்த ஸ்பேனர் என்று அக்காவே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வெயில் இறங்கியதும் மூன்று பேரும் ஆலங்குடி வரை போய்வந்தோம். அக்கா முன்னால், அவர் பின்னால். பள்ளிக்கூடத்து ஸ்பீடு பிரேக்கரில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினேன். வண்டி ஏறி, இறங்கி, ஒரு குதியும் இல்லாமல் போனது. சத்தமில்லை. அடுத்த ஸ்பீடு பிரேக்கர் தாண்டியதும் அவர் பின்னாலிருந்து, "நல்லாருக்கு" என்றார். என் படிப்பைப் பற்றி அன்றுதான் முதல் தடவையாக விசாரித்தார். எந்தக் காலேஜ், எத்தனை வருஷம், அங்கே லேத் மெஷினெல்லாம் உண்டா என்று. வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அலுவலகம் முடிந்து புதுக்கோட்டையில் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று வீல் அலைன்மென்ட் பார்க்கக் கொடுத்தேன். ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. அங்கிருந்தவர் வண்டியை ஏற்றி, அடியில் லைட் அடித்துப் பார்த்தார்.

"புது ஷாக்கு மாதிரி இருக்கே. யாரு மாத்துனது?"

"நான்தான்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். மறுபடி அடியில் குனிந்தார். "பெயிண்ட்ல கோடு போட்டுக் கழட்டியிருக்கீங்க. அதான் சக்கரம் ரொம்ப வெலகல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சாவியைக் கொடுத்தார். ஊர்ச்சாலையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஸ்டியரிங்கில் பிடியைத் தளர்த்தினேன். வண்டி நேராகப் போனது.