பெரிய டயரும் பாதி வேலையும்

என் வண்டியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு நாற்றம். கிளட்ச் தீய்கிற நாற்றம். ஒருதரம் அதை மோந்தவன் சாகிறவரை மறக்கமாட்டான். நான் அதைக் காசு கொடுத்து வாங்கினேன்.

வெள்ளிமலையில் எனக்கு ஒரு பிக்கப் இருக்கிறது. லீவரைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். தார் எட்டாத ஊர்களிலிருந்து சாமையும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்கு வருவேன், அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குவேன். அது போக, செவ்வாயும் வெள்ளியும் ஒரு ஆளை முன் சீட்டில் ஏற்றிக்கொள்வேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தரம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், அடுத்ததும் தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு வரும் மண்பாதையில் பஸ் கிடையாது, ஆம்புலன்ஸும் இறங்காது. என் வண்டி போகும். ‘அந்த மனுஷன் உசுரோட கீறாருன்னா நம்ம வண்டியாலதான்’ என்று டீக்கடையில் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படிச் சொல்லித் திரிந்தவனுக்குத்தான் பெரிய டயர் ஆசை வந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் என் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பிக்கப் வந்து நின்றது. இடுப்பு உயரத்துக்கு டயர். மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மச்சான், மனைவியின் தம்பி, என் தோளில் கை போட்டுக்கொண்டு, “இன்னா மாமா, உங்க வண்டி குந்திக்கினு கீற மாதிரி இருக்குது” என்றான். சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு ஒரு டயரைப் பார்த்துச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓடையில் வண்டியின் வயிற்றில் கல் இடிக்கிறது, உயரமான டயர் வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். இடிப்பது உண்மைதான், வருஷத்துக்கு இரண்டு தரம். டயர் கடைக்காரர் என்ன பாரம் ஏற்றுகிறாய், எந்த ரோட்டில் ஓட்டுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எவ்ளோ பெருசு வேணும்?” என்றார். “இதுல மாட்ற மாதிரி எது ஜாஸ்தி பெருசோ அது” என்றேன். திருப்பினால் டயர் தகரத்தில் உரசியது. கிரைண்டர் வைத்துத் தகரத்தை அறுத்தார்கள். நெருப்புப்பொறி பறந்ததை நான் போனில் படம் பிடித்தேன். நல்ல வண்டியின் தகரத்தை அறுக்கிறார்கள், நான் பல்லைக் காட்டிக்கொண்டு படம் பிடிக்கிறேன். அப்புறம் கற்பூரம் கொளுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். டயர் பெரிது என்று பழத்தையும் பெரிதாகப் பார்த்து வாங்கியிருந்தேன். சீ.

மலை ஏறும்போதே தெரிந்துவிட்டது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், அந்த ஒரு சுற்றைச் சுற்ற இன்ஜின் அதிகம் முக்க வேண்டும். முதல் கியர் இரண்டாவது கியர் மாதிரி ஆகிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் அரை கிளட்ச் பிடித்தே ஏற்றினேன். அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. பின்னால் சந்தைச் சாமான் மூட்டைமேல் உட்கார்ந்து வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இறக்கத்தில் முன்பெல்லாம் கியரே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பிடிக்கவில்லை, பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போனது. ஸ்பீடு முள்ளும் பொய் சொன்னது, ஓடுகிற வேகத்தைவிடக் குறைவாகவே காட்டியது.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போகிறவரால் வண்டியில் ஏற முடியவில்லை. வீங்கின காலைத் தூக்கிப் படியில் வைக்கப் பார்த்தார், எட்டவில்லை. நான் ஒரு காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டேன். தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாளியில் ஒரு கால், படியில் ஒரு கால் என்று ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“டயரு புச்சா தம்பி?”

“ஆமாண்ணே.”

“நல்லா ஒசரமா கீதுப்பா.”

பாராட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அப்போது என் மண்டை அப்படி இருந்தது.

கள்ளக்குறிச்சியில் என் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் மோந்து பார்த்துவிட்டு, “இன்னாத்தப்பா தின்னு வச்சிருக்குது ஒன் வண்டி?” என்றார். பிறகு விளக்கினார். முன் அச்சிலும் பின் அச்சிலும் கிரவுன், பினியன் என்று பல் சக்கர ஜோடி ஒவ்வொன்று இருக்கிறது. டயருக்குத் தகுந்த பல் கணக்கில் அதை மாற்றினால் வண்டிக்குப் பழைய இழுவை வந்துவிடும். ஆனால் முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்காக இருக்க வேண்டும். பின்னால் போடுகிற ஜோடி, உடைத்த வண்டி ஒன்றிலிருந்து எடுத்தது, அவரிடமே இருந்தது. முன்னால் போடுவதை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும்.

“பின்னாடி மட்டும் போட்டு வுடுண்ணே. ஃபோர் வீல நான் எப்ப போடப்போறேன்? முன்னாடி எவன் பாக்கறான்?” என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “போட்டுத் தர்றேன். முன்னாடியும் மாத்தற வரைக்கும் அந்த லீவரத் தொட்டுடாத. ரெண்டும் ரெண்டு கணக்குல சுத்தும். ஒண்ண ஒண்ணு இழுத்துக்கினு நடுவுல கீற கியர் பெட்டிய ஒடச்சிப்புடும்.” நான் மறந்துவிடுவேன் என்று லீவர் தலையில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிட்டார்.

வண்டி நன்றாகவே இழுத்தது. மூன்றாம் நாள் அந்தத் துணியை அவிழ்த்து எறிந்தேன். வண்டிக்குள் பார்க்க அசிங்கமாக இருந்ததாம். முன் அச்சு ஜோடி வந்துவிட்டது என்று மெக்கானிக் இரண்டு தரம் போன் பண்ணினார். மரவள்ளி பிடுங்குகிற நேரம், வண்டியை இரண்டு நாள் நிறுத்த முடியாது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை ஓடையில் இடுப்பளவு தண்ணீர், யாரும் தாண்டவில்லை. அவருக்கு ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் வடிந்ததும் முதல் ஆளாக இறங்கிப் போய் அவரை ஏற்றினேன். முகம் ஊதியிருந்தது. வாளியில் ஏற மூன்று முறை நின்றார். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. அவர் மனைவி நடுவில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி ஃபைல் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஓடையைத் தாண்டிவிட்டோம். கரை மேட்டில் செம்மண் சேறு. பின் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றியது. பின்னால் வந்து மறுபடி முட்டினேன், மறுபடி சுற்றியது. என் கை லீவரில் இருந்தது. மெக்கானிக் சொன்னதை மறந்துவிட்டேன் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு மேடுதானே, என்ன ஆகிவிடும் என்று போட்டேன்.

வண்டி ஏறியது. முன் சக்கரம் முந்திக்கொண்டு ஓடப் பார்த்தது, பின் சக்கரம் வரமாட்டேன் என்றது, ஸ்டீயரிங் கையில் உதறியது. சேறு வழுக்கிக்கொடுத்ததால் அதுவரை தாங்கியது. மேட்டுக்கு மேலே பாறை. பாறையில் எது வழுக்கும்? காலுக்கடியில் டமார் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு இன்ஜின் ஓடியது, எந்தக் கியர் போட்டும் ஒரு சக்கரமும் அசையவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். பெட்டி பிளந்து எண்ணெய் பாறையில் வழிந்துகொண்டிருந்தது. இடுப்பு உயர டயர் நாலும் புதுசாக, சேறு பூசிக்கொண்டு, சும்மா நின்றன.

அவர் மனைவி பையைச் சீட்டில் வைத்தார். இறங்கிப்போய்ப் பக்கத்துக் கொல்லையில் வேலை செய்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஆறு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் கம்பளி கொண்டுவந்தார், ஒருவர் மூங்கில் வெட்டினார். தார் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு ரோட்டில் நிற்கச் சொன்னார். கோலில் தூளி கட்டியதும் உடனே தூக்கவில்லை. ஆறு பேரும் பாறைமேல் வந்து தோளோடு தோள் உரசி நின்று பார்த்தார்கள். தோள் சமமாக இருந்தவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒரு ஜோடி களைத்தால் அடுத்த ஜோடி. எல்லாம் ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

நான் போய்க் கோலில் தோள் கொடுக்கப் பார்த்தேன். முன்னால் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க வேணாங்க. உங்க ஒசரத்துக்கு இங்க ஜோடி இல்ல. கோலு சாஞ்சா அவரு சரிஞ்சிடுவாரு. அந்தப் பைய எடுத்துக்கினு வாங்க.”

அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். நான் ஃபைல் பையையும் தண்ணீர் பாட்டிலையும் தூளியில் கிடந்தவரின் ரப்பர் செருப்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தூளி கொஞ்சங்கூட ஆடாமல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வழி நெடுக எனக்கு என் மூஞ்சியிலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மத்தியானத்துக்குமேல் டயாலிசிஸ் நடந்தது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதால் நாலு நாள் படுக்கவைத்துவிட்டு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார்.

உடைந்த பெட்டியை மாற்றிவிட்டு, நான் பழைய டயரையே போட்டுக்கொண்டேன், பின்னால் பழைய கிரவுனையும். அறுத்த தகரம் அறுத்தபடியே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய டயர் நாலும் வீட்டுக்குப் பின்னால் கிடக்கின்றன. மழைத் தண்ணீர் தேங்கி அதில் கொசுப்புழு நெளிகிறது. கவிழ்த்துக் கொட்டுங்கள் என்று மனைவி தினமும் கத்துகிறாள். அவற்றைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் அவர் இன்றைக்கும் என் வண்டியில்தான் வருகிறார். அந்தப் பாதைக்கு வேறு வண்டி இல்லை. வாளி இப்போது தேவையில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நிற்கும்போது, அவர் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறார். குனிந்து முன் சக்கரத்தைப் பார்க்கிறார். பிறகு மெல்ல நடந்துபோய்ப் பின் சக்கரத்தைப் பார்க்கிறார். திரும்பி வந்து, “போலாம் தம்பி” என்கிறார்.