படத்துக்கு வெளியே நின்ற அழகன்

பொகவந்தலாவைக்கு மேலே, மேகம் சாக்கு விரித்துப் படுத்துக்கொள்கிற எங்கள் தோட்டத்தில், மார்கழி மாதம் மாட்டில் பால் கறந்தால் அது சொம்பில் விழாது. கயிறாகத்தான் இறங்கும். அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வேண்டிய அளவு வெட்டி, அடுப்பில் இளக்கித்தான் தேத்தண்ணிக்கு ஊற்றுவோம். சரி, கொஞ்சம் கூடிப்போய்விட்டது. கயிறு என்று சொன்னது அதிகம்தான். ஆனால் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்துக் கெஞ்சினால்தான் தலைக்கு ஒரு சொட்டுக் கிடைக்கும் என்பதும், விடியற்காலையில் கோவாப் பாத்தியில் முட்டைக்கோஸ் இலை முழுக்க உப்பைத் தூவினாற்போலப் பனி பூத்துக் கிடக்கும் என்பதும் கலப்பில்லாத உண்மை.

அந்தக் குளிரைத்தான் அழகன் தினமும் படம் பிடித்தான்.

அழகன் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்பவன். பெயருக்கேற்ற முகம் என்று யாரும் அவனைச் சொன்னதில்லை. மீசை விசயத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. அதை வைத்து வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்துக்கே கூரை வேயலாம் என்பாள் பக்கத்து வீட்டு யூஜினா. அவன் மனைவி சண்முகவடிவு அந்த மீசையைப் பார்த்துத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்பது லயத்துப் பேச்சு. மாமன் மகள், எப்படியும் கட்டித்தான் இருப்பாள் என்பது வேறு விசயம்.

வடிவு சவூதிக்கு, ஜித்தாவில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் அது இரண்டாவது குளிர்காலம். அவள் போகும்போது சின்னவன் மதுரனுக்கு நடக்கத் தெரியாது. அங்குள்ள வீட்டு அம்மாளுக்கு, வேலைக்காரி போனில் முகம் பார்த்துப் பேசுவது பிடிக்காது. தன் வீட்டு உள்பக்கம் அதில் தெரிந்துவிடுமாம். குரல் பேசலாம், வந்த படத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

"இங்க மார்கழியிலயும் பேன் போட்டுத்தான் படுக்கணுங்க. நம்ம ஊரு குளிர கண்ணால பாத்தாலாவது ஒடம்பு ஆறும். பிள்ளைகள தெனம் ஒரு படம் புடிச்சு அனுப்புங்க," என்று கேட்டாள்.

பிடித்தான். மதுரன் வாயைத் திறந்து புகை விடுகிற படம். எந்த நாட்டுப் பிள்ளையோ போட்டுக் கழித்து நுவரெலியா சந்தைக்கு வந்து சேர்ந்த சிவப்பு ஸ்வெட்டருக்குள் அவன் காணாமல் போகிற படம். மூத்தவள் தனுஜா நனைந்த பள்ளிக்கூடச் சப்பாத்தை அடுப்பு மேல் காயப்போடுகிற படம். மாமனார் பொன்னையா குரங்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ரொட்டியைவிட நெருப்புக்குக் கிட்ட உட்கார்ந்திருக்கிற படம். ஆனால் அதிகமான படங்கள் காம்பரா அறைக்கு முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையில் எடுத்தவைதான். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். பின்னால் பத்தாம் நம்பர் தேயிலை மலை தெரியும்.

"என்னா தம்பி, மந்திரி வாராரா? தெனம் போட்டோ புடிக்கிறீங்க!" என்று யூஜினா வேலிப் பக்கம் நின்று கேட்பாள்.

"மந்திரிக்கெல்லாம் புடிக்க மாட்டேங்க்கா. இது வீட்டு ராணிக்கு."

"ராணி அங்க கக்கூஸ் கழுவுறா. ராசா இங்க படம் புடிக்கிறாரு. நல்ல ராச்சியம்!"

அழகன் சிரித்துக்கொள்வான். யூஜினாவின் நாக்கு அப்படி. ஆனால் மதுரனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ராத்திரி விழித்துக்கொண்டு கிடந்தவளும் அவள்தான்.

ஒவ்வொரு படத்துக்கும் வடிவிடமிருந்து குரல் திரும்பி வரும். அப்பாவுக்கு மப்ளர் சுற்றிவிடுங்கள், தனுஜாவுக்குக் கவுன் ஏறிப்போய்விட்டது, மதுரனுக்கு மூக்கு ஒழுகுகிறதே, துடைக்க ஆள் இல்லையா? கார்த்திகையில் ஒரு நாள், பிள்ளைகளை விட்டுவிட்டு, "ஐயோ, பத்தாம் நம்பர கவ்வாத்து வெட்டிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட பிறகுதான் அழகன் திரும்பிப் பார்த்தான். ஆமாம், மலை முழுக்கத் தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வெறும் குச்சிகளாக விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அந்த மலையில் கொழுந்து பறித்தவள் அவள். ஸ்டோருக்குச் சாக்கில் வந்து இறங்குகிற கொழுந்தை மட்டும் பார்த்தவன் இவன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த மார்கழியின் கடைசியில், பொன்னையாவுக்கு இரைப்பு கூடியது. ஸ்டோரில் இரவு வேலை முடிந்து காலையில் அழகன் வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

அவருக்கு மகன் இல்லை. பங்காளிகள் எல்லாம் எந்தக் காலத்திலோ கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர்கள். மதுரன் பச்சைப் பிள்ளை. தங்கச்சி மகன், மகளைக் கட்டியவன், பிறகென்ன, அழகன்தான் கொள்ளிக்குடம் தூக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இஸ்தோப்பில் உட்காரவைத்துத் தலையை மழித்தார்கள். மீசையும் போனது. யூஜினாகூட ஒரு வார்த்தை பேசவில்லை.

சொல்லவேண்டியவளுக்கு மட்டும் அவன் சொல்லவில்லை.

"அது அவ அப்பா, தம்பி. அழுவுறதுக்கு அவளுக்குத்தான் மொத பாத்தியம்," என்றாள் யூஜினா.

"யாருகிட்ட போய் அழுவாக்கா? ஒரு சுவருக்குள்ள பூட்டிக்கிட்டுக் கெடக்கா. வாரதுக்கும் விடமாட்டாங்க. சித்திரையில எக்ரிமென்ட் முடியுது. வந்தவொடன நானே சொல்லிக்கிறேன்."

"அப்ப பொய்ய சுருக்கமா சொல்லுங்க. நீட்டுனீங்கன்னா மாட்டிக்குவீங்க."

அவனால் சுருக்க முடியவில்லை. பிணம் உள்ளே கிடக்க, பறைச் சத்தம் கீழ் லயத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருக்க, அழகன் இரண்டு பிள்ளைகளையும் பின்பக்கம் கோவாப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போனான். மழித்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தான். ஒரு நாள் படம் வராவிட்டாலும் வடிவு பதறிப்போவாள் என்று அவனுக்குத் தெரியும்.

"சிரிங்க," என்றான்.

மதுரன் சிரித்தான். அவனுக்கு வீடு நிறைய ஆட்கள் வந்ததே திருவிழா. தனுஜா சிரிக்கவில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அப்படியே படத்தில் விழுந்தது. அன்று மாலை ஜித்தாவிலிருந்து குரல் வந்தது: "தனுஜா ஏன் மூஞ்ச தூக்கி வச்சிருக்கா? அவகிட்ட நீங்க கத்துனீங்களா?"

அதற்குப் பிறகு பொய் கொடியாகப் படர்ந்தது. சந்தியில் கட்டவிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையை வேண்டாமென்று விட்டான்; யாராவது அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டால்? அப்பா எங்கே என்று வடிவு கேட்டதும், "குளிருக்கு மாமாவுக்கு இரைப்பு தாங்கல. பொல்பிட்டியல சின்னத்தை வீட்ல விட்டுட்டு வந்தேன், அங்க சூடுதானே," என்றான். பேசவேண்டும் என்றாள். அங்கே சிக்னல் இல்லை என்றான். காம்பராவின் மூலையில், பொன்னையா படுத்திருந்த இடத்தில் எரிந்த விளக்கு விழாதபடி படம் பிடிக்கக் கற்றுக்கொண்டான். ஒரு பக்கம் விளக்கு, ஒரு பக்கம் கொள்ளி வைத்தபோது கட்டி, கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி. இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகளை நிறுத்துவதற்குள் அவனுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிடும்.

தன் தலையைப் பற்றி மட்டும் அவனுக்குக் கவலை இருக்கவில்லை. படம் பிடிக்கிறவன் படத்தில் வரமாட்டான் அல்லவா?

பொங்கலுக்கு முந்திய நாள் வடிவு கேட்டாள். "தெனம் பிள்ளைகள அனுப்புறீங்க. ஒரு நாளாவது நீங்க இருக்கீங்களா அதுல? நாளைக்குப் பொங்கலு. ஒங்க மூஞ்சியும் எனக்கு வேணும்ங்க. மீசைய முறுக்கிக்கிட்டு நில்லுங்க."

பொங்கலன்று லயத்தில் எல்லா வாசலிலும் பானை பொங்கியது. கருமாதி முடியாத வீடு என்பதால் அழகன் வாசலில் அடுப்பு மூட்டவில்லை. பிள்ளைகள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் போனுக்குள் தேடினான். போன வருசப் பொங்கலுக்கு யூஜினாவின் மகன் எடுத்த படம் ஒன்று கிடந்தது. புதுச் சட்டை, முறுக்கிய மீசை, இஸ்தோப்பில் தனியாக நிற்கிறான். வெட்கப்பட்டு அப்போது அதை வடிவுக்கு அனுப்பவில்லை. முகத்தை நன்றாகப் பார்த்தான். இவ்வளவு கொழுத்தா இருந்தேன் என்று நினைத்தான். அனுப்பிவிட்டான்.

பொழுது சாயும் நேரம் அவள் அழைத்தாள்.

"என்னாங்க, இந்தப் படம் எப்ப புடிச்சது?"

"இன்னைக்குக் காலையில."

"யாரு புடிச்சா?"

"தனுஜா."

வடிவு மெதுவாக, "பின்னால பத்தாம் நம்பர் தெரியுதுங்க," என்றாள்.

"எப்பவும் தெரியும்ல."

"இடுப்பு ஒயரத்துக்குப் பச்சையா நிக்குது. நேத்து மதுரனோட படத்துல வெறும் குச்சியாத்தான நின்னுச்சு? ஒரு ராத்திரியில தேயில வளருமாங்க?"

அழகன் திரும்பி மலையைப் பார்த்தான்; குச்சியாகத்தான் நின்றது.

"பழைய படத்த ஏன் அனுப்புறீங்க? ஒங்களுக்கு என்னா ஆச்சு? மெசினுல கைய விட்டுட்டீங்களா? ஆஸ்பத்திரியில இருந்தா பேசுறீங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்ல வடிவு. சத்தியமா."

"அப்ப இப்பவே ஒரு படம் புடிச்சு அனுப்புங்க. இப்பவே. நான் போன கையில வச்சுக்கிட்டே நிக்கிறேன்."

வைத்துவிட்டாள். அழகன் மாமனாரின் குரங்குத் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினான். மீசை இருந்த இடம் தெரிந்தது. மப்ளரை எடுத்து மூக்கு வரை சுற்றினான். சுவரில் தொங்கிய கண்ணாடியில் இரண்டு கண்கள் மட்டும், திருட வந்தவனுடையவை போல, அவனைப் பார்த்தன. தனுஜா கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மப்ளரை அவிழ்த்தான். தொப்பியைக் கழற்றினான். போனை மகளிடம் நீட்டினான்.

"புடி," என்றான்.

இஸ்தோப்பில் போய் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அத்தனை நாள் பிள்ளைகளிடம் இப்படி நில், அப்படி நில் என்று சொன்னவன், பள்ளிக்கூடத்தில் அடிவாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நின்றான். தலையில் முளைவிட்ட முடி பனிபட்டு நனைந்திருந்தது. பின்னால் குச்சி மலை. தனுஜா ஒரே ஒரு படம் எடுத்து, அவளே அனுப்பிவிட்டாள்.

வடிவு பார்த்ததற்கு அடையாளம் போனில் விழுந்தது. அழைப்பு வரவில்லை. வாசலில் இருட்டத் தொடங்கியது. மதுரன் பக்கத்து வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தான். பிறகு போன் அடித்தது.

அழகனைப் பெற்றவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். அவன் தலை மழிப்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒருவர்தான். அதை வடிவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

"போன கிழம."

துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம் வந்தது. அந்த வீட்டு அம்மாளுக்குக் கேட்கக்கூடாது. அழகன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த அடைத்த சத்தம் முடியும் வரை நின்றான்.

"பொல்பிட்டியலயா?"

"இல்ல. இங்கதான். நம்ம காம்பராவுல."

"அன்னைக்கும் படம் அனுப்பினீங்களே. கோவாப் பாத்தியில மதுரன் சிரிச்சுக்கிட்டு நின்னான். அத நான் இந்த வீட்டுக்காரங்க எல்லாருகிட்டயும் கொண்டுபோய்க் காட்டினேங்க. எம் மகன் சிரிக்கிறத பாருங்கன்னு காட்டினேன்."

"ஒனக்காகத்தான் வடிவு."

"எனக்காகன்னா எங்கிட்ட கேட்டிருக்கணும்."

அழகன் போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். தனுஜா அருகில் வந்து உட்கார்ந்திருந்தாள். வடிவின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகக் கேட்டது.

"அப்பா என்னய கேட்டாரா?"

"கேக்காம? ஒம் பேர சொல்லிக்கிட்டேதான் போனாரு. வடிவு, வடிவுன்னு," என்றான் அழகன்.

"இல்லம்மா," என்றாள் தனுஜா. "அப்பா அப்ப ஸ்டோர்ல இருந்தாங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன். தாத்தா யாரு பேரையும் சொல்லல. தண்ணி கேட்டாரு. சுட வச்சுக் குடுத்தேன், ஒரு மடக்குக் குடிச்சாரு."