நாற்பதாம் பக்கத்துக் கடிதம்

கோபமெல்லாம் இல்லைங்க, அருவருப்புதான். என் சம்பந்தியம்மாவுக்கு, அதாவது மருமகளின் அம்மாவுக்கு, கோபம் வந்தால் பேசித் தீர்த்துவிடுவார். இந்தத் தடவை பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு மேசை, ஒரு மிஷின், வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லக் கடிதம் அடிப்பார். போன தடவை என்ன எழுதினோம் என்று கேட்டு வருவார்கள் என்பதால், எதற்கும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்து ஃபைலில் போடுவார். அந்த ஃபைலைத் தான் பெற்ற மகளுக்குக்கூடக் காட்டமாட்டார்.

ஒரே ஒருவருக்குக் காட்டினார். அவர் நாவலாசிரியர். முழுக்கக் கடிதங்களாலேயே ஒரு நாவல் எழுதப் போகிறாராம். கதை சொல்ல ஆளே கிடையாதாம், கடிதமும் தந்தியும் ரசீதுமே சொல்லுமாம். சாதாரண ஜனங்கள் கடிதத்தை எப்படி ஆரம்பித்து எப்படி முடிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். சம்பந்தியம்மாவும் ஃபைலை ஒரு வாரம் கொடுத்தார். அதுதான் தப்பு.

அப்புறம் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். கை முழுவதும் என் கட்டைவிரல் அளவுதான், பிடித்தால் விடமாட்டாள். நான் அந்தச் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்த வாரம்தான், அந்த மனுஷர் எழுதி முடித்த நாவலை டைப் அடிக்கக் கொண்டுவந்தார்.

நாற்பதாம் பக்கத்தில் சம்பந்தியம்மாவின் விரல்கள் தாளைப் பார்க்காமலே முன்னால் ஓடினவாம். "வாங்கின சின்னச் சட்டையத் திருப்பிக் குடுத்துட்டேன். கடைக்காரர் ஏன்னு கேக்கல." எதிர்க்கடையில் துணி தேய்க்கும் பெண், வயிற்றில் தங்காத பிள்ளையைப் பற்றி வெளியூரில் இருக்கும் புருஷனுக்கு அடிக்கச் சொன்ன கடிதம். வேறு யாருக்கும் தெரியாது. நாவலாசிரியர் பேரை மட்டும் மாற்றியிருந்தார். கீழே, கண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது என்று ஒரு வரி.

"மிஷின்ல அடிச்ச கடுதாசிங்க அது. கரையறதுக்கு அதென்ன பேனா மையா?" என்று என்னிடம் கேட்டார். அடுத்த பக்கத்தில் நாவலாசிரியர் அந்தப் பெண்ணைச் சாகடித்தும் விட்டிருந்தார்.

எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டிய தாள்கள் வேறு, மூலையெல்லாம் மஞ்சள். சம்பந்தியம்மா பேத்தியைத் தூக்கும் முன் இரண்டு தடவை சோப்புப் போட்டார்.

அடிக்க மறுத்தால் அவர் வேறு கடைக்குப் போவார். சட்டைக்கடைக்காரரும் இதே தெருதான். புத்தகம் வந்தால் யார் என்று தெரிந்துவிடும். அதனால் நேற்று சம்பந்தியம்மா எதிர்க்கடைக்குப் போய்த் தன் தப்பைச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் தேய்ப்பை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாளாம். அந்த ஆள் வந்தால் தன்னிடம் அனுப்பச் சொன்னாளாம்.

இன்று காலை நாவலாசிரியர் வந்தார். நான் பேத்தியோடு ஸ்டூலில் இருந்தேன். பேர் மாற்றியாச்சு, இதெல்லாம் இலக்கியம், அந்தப் பெண்ணின் துக்கம் காலத்துக்கும் நிற்கும் என்றார். சம்பந்தியம்மா தாள்கட்டை விரல்நுனியால் அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதினவ சாகல சார். அதோ, இஸ்திரிப் பெட்டியில கரி போட்டுக்கிட்டு இருக்கா. நாப்பதாம் பக்கத்த அவ முன்னால நின்னு சத்தமாப் படிங்க. சரின்னு சொன்னான்னா அடிச்சுத் தர்றேன்."