மூடிய கிளாஸ்

இந்த நகரத்தில் போதும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. குடித்து முடித்த கிளாசின் மேல் ஒரு வட்ட மட்டையை வைத்துவிடுவார்கள். அந்த மட்டைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் டெக்கல், அதாவது மூடி. மூடி விழும்வரை, கேட்காமலே, பரிமாறுகிறவன் அடுத்த கிளாசைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பரிமாறுகிறவன் நான்தான். எண்பதுகளின் நடுவில் நாடு கெட்டுக் கிடந்த நேரம் கல்முனையை விட்டு ஜெர்மனிக்கு வந்து, ரைன் ஆற்றங்கரையில் ஒரு பியர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். முதல் நாள் எனக்கு இது ஒன்றும் தெரியாது. மரியாதையாக இருக்கட்டும் என்று நிரம்பிய கிளாஸ் ஒவ்வொன்றையும் மட்டையால் மூடிக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு கிழவர் முகம் சிவந்து, "ஒன்று குடிப்பதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று கத்தினார். முதலாளி யூர்கன் ஓடிவந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் ஊரில் மூடிய கிளாசுக்கு அர்த்தமே வேறு. அது வரவேண்டிய ஒருவருக்காக வைத்திருப்பது. வாப்பா நாவிதன்வெளி வயலிலிருந்து வரப் பிந்தினால் உம்மா தேத்தண்ணியை ஊற்றி, ஈ விழாமல் பீரிசுத் தட்டால் மூடிவைப்பார். மாமாவின் மகள் பரீதாவை எனக்கென்று பேசி முடித்த பிறகு, மாமா வீட்டிலும் அப்படி ஒரு கிளாஸ் எனக்காக மூடியிருக்கும். பெருநாளுக்குப் போனால் மாமா தன் கையாலேயே ஜிஞ்சர் பியர் போத்தல் உடைத்துத் தருவார்; பெயர்தான் பியர், அது இஞ்சிச் சோடா. என் வாழ்நாளில் நான் குடித்த பியர் அது ஒன்றுதான். இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

நம்பாதவர்கள் பட்டியலில் முதல் ஆள் யூர்கன். நாலு வருடம் பியருக்குள் நின்றவனுக்குப் பியர் தெரியாமல் இருக்குமா? கொல்ஷ் வைக்கோல் நிறம், ஒடுங்கிய சின்னக் கிளாஸ், நுரை சீக்கிரம் செத்துவிடும். கொஞ்சம் சூடேறினால் யாரும் தொடமாட்டார்கள். பில்ஸ் கசப்பு, நிறுத்தி நிறுத்தி வார்க்க வேண்டும். வைசன் கோதுமையில் செய்வது, கலங்கலாக இருக்கும், மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் கதலி வாழைப்பழ மணம். கிளாஸ் கழுவும்போது மூக்காலும், குடிக்கிறவர்களின் பேச்சைக் கேட்டுக் காதாலும் படித்தேன். நான் குடிக்கிறவனாக இருந்தால் வைசன்தான் எனக்குப் பிடித்திருக்கும் என்று ஒருநாள் யூர்கனிடம் சொன்னேன். "குடிக்காமல் எப்படித் தெரியும்? உனக்கு ஈரலில் நோயா?" என்றார். மார்க்கத்தில் விலக்கு என்றேன். "சரி, சரி. வீட்டில் ஒளித்துக் குடிப்பாய்" என்று கண்ணடித்தார். தட்டை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

அதே தட்டில் மூன்று கிளாசோடு நான் நிற்கும் போட்டோ ஒன்றை யூர்கன் எடுத்துத் தந்தார். நான் ஒரு மடையன். வேலையைத் திறமாகப் பழகிவிட்டேன் என்று ஊர் அறியட்டும் என்ற பெருமையில், எந்தக் கிளாசில் என்ன பியர், அதன் குணம் என்ன என்று பின்பக்கம் விளக்கமாக எழுதி மாமா வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து மாமாவின் குரலில் ஒரு கெசட் வந்தது.

"மருமகன், கோவிக்காதீங்க. கிளாஸ் தூக்கினத வேலை எண்டு உடலாம். பின்னால எழுதியிரிக்கீங்களே, இது கசப்பாம், இது வாழப்பழ மணமாம். குடிக்காம இதெல்லாம் ஒரு மனுசனுக்கு எப்புடித் தெரியும், செல்லுங்க பாப்பம். நாங்க பரீதாவ வேற இடத்துல பேசிட்டம்."

பின்னால் மாமி அழுவது கேட்டது.

யூர்கன் கேட்ட அதே கேள்வி. மதுவைச் சுமப்பதும் பாவம் என்று மாமா சொல்லியிருந்தால் தலைகுனிந்திருப்பேன். அந்தப் பாவம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தொழுகையிலும் அதற்காக அழுகிறேன். ஆனால் என்னைப் பொய்யன் என்றதைப் பொறுக்க முடியவில்லை. அறுவடைக் காலத்தில் சாகாமத்து வயல்வாடிக் குடிசையில் மாமாவின் தம்பி சாராயம் குடிப்பது ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர் முதல் வரிசையில் நிற்பார். அவர் வீட்டுக் கல்யாணம் எதுவும் இதனால் நின்றதில்லை. அவர் பியரைப் பற்றி எதுவும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

பதில் பேசிப் பதிந்து மூன்று தரம் கெசட்டை அழித்தேன். மூன்று தரமும் கத்தியிருந்தேன். கடைசியில், "மாமா, நான் குடிக்கல்ல. மூக்காலதான் படிச்சன்" என்று மட்டும் பேசி அனுப்பினேன். பதில் வரவில்லை.

பரீதாவின் கல்யாண நாளை உம்மா எழுதியிருந்தார். அன்று எனக்குப் பகல் வேலை. கடையில் ஆளில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு யூர்கன் கறுப்பாக ஒன்றை வார்த்து வைத்தார். மால்ஸ்பியராம், இனிப்பு, வெறி இல்லை, இங்கே பிள்ளைகளும் குடிப்பதாம். மணந்து பார்த்தேன். கருகிய சீனி மணம். மாமா வீட்டில் இந்நேரம் வந்தவர்களுக்கெல்லாம் ஜிஞ்சர் பியர் உடைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கிளாசைத் தூக்க மனம் வரவில்லை. கை தானாக மட்டையை எடுத்து அதை மூடியது.

யூர்கன் அந்த வழியால் வந்தார். மூடியைக் கண்டார். "போதுமா?" என்றார். பதிலுக்கு நிற்காமல், நிரம்பியிருந்த கிளாசை எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தார். அது வரவேண்டிய ஒருவருக்காக மூடிவைத்த கிளாஸ் என்று சொல்ல அவருடைய பாஷையில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.