இடது கைப் பிடி

இசக்கியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு அந்தப் பெரிய மேட்ச்ல எம்மவ எப்படிச் சுட்டா? நீ கூட நின்னவதானே, சொல்லு" என்று கேட்டபோது, இசக்கி அன்று சுடவே இல்லை என்பதை நான் சொல்லவில்லை. "நல்லா சுட்டா, அம்மா" என்றேன். அப்போதுதான் இசக்கியை எடுத்துப் போயிருந்தார்கள். வீடு கழுவி விட்ட தண்ணீர் வாசலில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

செய்தி காலையில் வந்தது. மாட்டுங்கா ஸ்டேஷனில் ஆபீஸ் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். அவள் தம்பி முருகன் போனில், "அக்கா போயிட்டா. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வீட்டுக்குத்தான் கொண்டாரோம். வந்துருங்க" என்றான். வண்டி வந்து நின்று, என்னை விட்டுவிட்டுப் போனது. பாலம் ஏறி மறுபக்கம் இறங்கி தாராவிக்கு நடந்தேன். சாவைப் பற்றி நான் வாசித்தவை கொஞ்சமல்ல. அந்த நடையில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

செம்பூர் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அவளோடு சுட்டவர்களுக்கும் அவளுடைய தெருக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். இசக்கியின் அம்மா வேலம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. அவருக்கு இதை வாசித்துக் காட்ட நினைப்பவர்கள் இந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டு, நாங்கள் துப்பாக்கி வாங்கிய கதையை மட்டும் படியுங்கள். அதுவே நல்ல கதை.

இசக்கி தோல் பை தைக்கும் பட்டறையில் மிஷின் ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சுக்கு வருவாள். அங்கே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஏர் பிஸ்டல்கள் எல்லாமே வலது கைக்காரர்களுக்கானவை. கட்டை விரல் எங்கே, உள்ளங்கை எங்கே என்று பிடியின் மரத்திலேயே செதுக்கியிருக்கும். இசக்கிக்கு இடது கை. முதல் நாள் என் பக்கத்து லேனில் சுட்டுவிட்டு, "செருப்ப கால் மாத்திப் போட்டுக்கிட்டு ஓடுத மாதிரி இருக்குட்டி" என்றாள். நான் யார் என்று அவள் கேட்கவில்லை. என் பையில் இருந்த மாட்டுங்கா பூக்கடைக் கவரைப் பார்த்து, "மாட்டுங்காவா?" என்றாள். அதன்பின் கடைசிவரை என் பெயர் மாட்டுங்காதான்.

போட்டிக்குப் போக வேண்டுமென்றால் சொந்தத் துப்பாக்கி வேண்டும். எங்கள் கையிருப்பில் தனித்தனியாக ஆளுக்கொரு உள்நாட்டுத் துப்பாக்கி வாங்கலாம். வாங்கியவர்களிடம் கேட்டோம். ஒரு முறை இழுத்த மாதிரி மறுமுறை ட்ரிகர் இழுபடாது, தப்பு உன்னுடையதா துப்பாக்கியுடையதா என்பதே தெரியாது என்றார்கள். இருவரும் சேர்ந்தால் வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று, பழையது, வாங்கலாம். பிடியை ஒரே ஒரு திருகில் கழற்றி மாட்டிவிடலாம் என்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். "ஒரு துப்பாக்கி, ரெண்டு பிடி. நீ சுட்டு முடிச்சதும் நான். ஒரே மிஷின்ல ரெண்டு ஷிப்டு ஓடலியா?" என்றாள்.

தேவ்நாரில் சாவந்த் என்ற பழைய போட்டிக்காரர் தன் துப்பாக்கிகளை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். கட்டிலில் வேட்டியை விரித்து இரண்டை வைத்தார். ஒன்று, ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை இழுத்துக் காற்றை அடைக்க வேண்டியது. சிலிண்டர் கிடையாது, அதனால் காலாவதியும் கிடையாது. இசக்கி பத்துத் தடவை இழுத்துப் பார்த்தாள். போட்டியில் அறுபது குண்டு. "நாள் முழுக்க மிஷின் மிதிச்சிட்டு வந்து இதையும் இழுக்கணுமாக்கும்" என்று கீழே வைத்தாள்.

மற்றதில் காற்றடைத்த சிலிண்டர் இருந்தது. இழுக்க வேண்டாம், ஆட்டமில்லை, ட்ரிகர் வெண்ணெய். ஆனால் சிலிண்டரில் தேதி பொறித்திருந்தது. பத்து வருடம் ஆனபின் அதைப் போட்டியில் அனுமதிக்கமாட்டார்கள். இதற்கு இரண்டு வருடம்தான் மிச்சம். புதுச் சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை எங்களுக்கு எட்டாது. "தோ சால் பச்சா ஹை, இஸிலியே சஸ்தா" என்றார் சாவந்த். சல்லிசான விலைக்கு அதுதான் காரணம் என்பதை மறைக்கவில்லை.

நான் தயங்கினேன். இசக்கி கண்ணை மூடி, கையைத் தூக்கி நீட்டி, அப்படியே கண்ணைத் திறந்தாள். குறிபார்க்கும் சைட் தானாக நேராக வந்து நிற்கிறதா என்று பார்க்கும் முறை அது. வலது பிடியை இடது கையில் பிடித்துக்கொண்டே அதைச் செய்தாள். "நிக்குட்டி!" என்றாள். பிறகு சாவந்திடம், "தோ சால் மே ஹம் நேஷனல் கேல் லேங்கே, காகா" என்றாள், இரண்டு வருடத்தில் தேசியப் போட்டியே ஆடிவிடுவோம் என்று. என்னிடம் தாழ்ந்த குரலில், "ரெண்டு வருசம் போதும்ட்டி நமக்கு" என்றாள். சாவந்த் சிரித்தார். யாரோ பாதியில் விட்டுப்போன இடது கைப் பிடி ஒன்றை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, காசில்லாமல் கொடுத்தார்.

அந்தப் பிடி அவளுக்குப் பெரிது. குழாய் ஒழுக்கை அடைக்கும் புட்டிப் பசையைப் பிசைந்து அதில் அப்பி, பாலிதீன் சுற்றி, காயும்வரை இறுகப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும் கை சும்மா இருந்ததால் சோறும் சாப்பிட்டாள். அம்மா, "கல்யாணப் பொண்ணு மருதாணி வச்சிக்கிட்டு உக்காந்திருக்க மாதிரில்லா இருக்கு" என்றார். அது வெறும் கேலியில்லை. நாங்குநேரிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். மாநிலப் போட்டியில் நேஷனலுக்குத் தகுதி கிடைத்தால் இன்னும் ஒரு வருடம் சுடலாம், இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று தாயும் மகளும் பேசி முடித்திருந்தார்கள்.

போட்டி நாள். ஒரே துப்பாக்கியைப் பகிர்பவர்களை வெவ்வேறு டீட்டெயிலில், அதாவது வெவ்வேறு நேரத்தில் சுடும் குழுக்களில், போடச்சொல்லிக் கேட்டிருந்தோம். அப்படித்தான் போட்டிருந்தார்கள். காலையில் இரண்டு லேன்கள் பழுதாகிக் குழுக்களை மாற்றினார்கள். கடைசி டீட்டெயிலில் இருவரும் அடுத்தடுத்த லேன்களில். பொறுப்பாளர் கையை விரித்தார். எங்கள் ரேஞ்சிலிருந்து அவசரத்துக்குக் கொண்டுவந்திருந்த துப்பாக்கிகள் இரண்டும் அதே குழுவில் வேறு கைகளில் இருந்தன.

வராந்தாவில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். இசக்கிக்குச் சில வாரங்களாக இருமல். தோல் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன் பிடிதான் மாட்டிக் கெடக்கு. நீ போ" என்றாள்.

"உனக்குத் தை மாசம்..."

"ஒரு குண்டுக்கு ஒரு இருமல்னு இன்னைக்கு எனக்கு அறுபது இருமல் இருக்கு. பக்கத்து லேன்காரி என்னச் சுட்டுப்புடுவா. போ நீ, கூப்புடுதான்."

பிடியை மாற்ற இரண்டு நிமிடம் போதும் என்பது இருவருக்கும் தெரியும். நான் போனேன். சுமாராகச் சுட்டேன், தகுதி பெறவில்லை. என் பின்னால் நாற்காலிகளில் யாரோ இருமலை அடக்கும் சத்தம் அவ்வப்போது கேட்டது.

திரும்பும் வண்டியில் அவள், "அம்மாட்ட நான் சுட்டேன், கெடச்சிட்டுன்னு சொல்லப்போறேன். நீ வாயத் தொறந்தே, அந்தத் துப்பாக்கியில எம்பாதி எதுன்னு அறுத்து எடுத்துக்குவேன்" என்றாள். சொன்னபடியே சொன்னாள். பயிற்சியில் தான் எடுத்த புள்ளியையே சொன்னாள். அம்மா, "அறுநூத்துக்கா? அப்ப பாசுதான்" என்று கேசரி கிண்டினார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. தின்றேன்.

இருமல் தூசியில்லை. காசநோய், அதுவும் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத வகை. மாப்பிள்ளை வீட்டில் பேச்சு நின்றது. நேஷனலுக்குப் போக வேண்டியவள் இப்படிப் படுத்துவிட்டாளே என்று அம்மா வருவோர் எல்லோரிடமும் அழுதார். இசக்கி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அம்மா இல்லாத ஒரு நேரத்தில், "நேஷனலுக்குப் போகாம இருக்க இம்புட்டுப் பெரிய சாக்கு தேடியிருக்க வேண்டாம், என்ன?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி மாதத்தில், "பிடிய மட்டும் கொண்டா" என்றாள். துப்பாக்கியை வார்டுக்குள் விடமாட்டார்கள். வெறும் பிடியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். இடது கையில் வாங்கி, எதிர்ச் சுவரில் ஈரக் கறை ஒன்றை நோக்கிக் கையைத் தூக்கினாள். கை பாதி தூரம் வந்து நின்றது. புட்டியில் பதிந்திருந்த குழிகளுக்குள் அவளுடைய விரல்கள் தொளதொளவென்று கிடந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எவளோ தடிச்சியோட பிடியக் கொண்டாந்திருக்கெ, மாட்டுங்கா" என்றாள்.

 பிடியைத் துணியில் திரும்பச் சுற்றித் தந்தாள். ஒழுங்காக, ஓரம் மடித்து, பட்டறையில் பை மடிப்பதைப் போல.

அந்தப் பிடி என்னிடம் இருக்கிறது. துப்பாக்கியில் என்னுடையது மாட்டியிருக்கிறது, பெட்டியில் அவளுடைய இடத்தில் அவளுடையது. சிலிண்டர் காலாவதியாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. நடுவிரல் பதிந்த குழியில் என் நடுவிரலை வைத்துப் பார்த்திருக்கிறேன், பொருந்தாது. வலது கை அதில் எப்படியும் நுழையாது.

பதினாறாம் நாள் அம்மா, "அந்த மேட்ச்ல எம்மவ சுட்ட அட்டை ஒண்ணு இருக்குமே, தாயேன்" என்று கேட்டார். அந்தப் போட்டியில் அட்டையே கிடையாது. குண்டு விழுந்த இடம் திரையில் தெரியும், அடுத்த ஆள் வந்ததும் அழிந்துவிடும். போட்டிக்கு முந்தைய வாரம் செம்பூரில் அவள் பயிற்சியில் சுட்ட அட்டை ஒன்று என் பையில் இருந்தது. நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிழிந்த ஒரே ஓட்டை. அதைக் கொடுத்தேன்.

அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, இசக்கியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், எம்மவ பெரிய மேட்ச்ல சுட்டது என்று சொல்லி அதைக் காட்டுகிறார்.